பீரோவில் பூட்டிய பந்து

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். என் இடது முழங்கால் மட்டும் இன்னும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பேரன் வந்திருக்கிறான். மாலையில் கேரம். துணிந்து ஏமாற்றுகிறான்.

லண்டனில் நீ கட்டும் வரிப்பணத்தில் கைதிகளுக்கு ஜிம்மா என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். முப்பது வருடம் விசில் ஊதிய என்னிடம் போய் இதைக் கேட்கிறாயே! கோபம் புரியாமல் இல்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு வாலிபால் வலைக்காக நான்கு வருடம் மனுப் போட்டேன். அந்தப் பிள்ளைகள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

இங்கே நடந்ததையும் கேள். இந்தியன் ஆயில் நிறுவனம் 2021 ஆகஸ்ட் 15 அன்று ‘பரிவர்த்தன்’ என்று ஒரு திட்டம் தொடங்கி, சிறைகளில் செஸ், கேரம், வாலிபால் எல்லாம் சொல்லித்தருகிறது. பொதுத்துறை நிறுவனம் அல்லவா, என் ஸ்கூட்டர் குடிக்கும் பெட்ரோலிலும் ஒரு சொட்டு அங்கே போகிறது. புனேயின் எரவாடா சிறைக் கைதிகள் அப்படிச் செஸ் பழகி, 2023-இல் உலகச் சிறைகளுக்கிடையே இணையவழியில் நடந்த போட்டியில் தங்கம் வென்றார்கள். பலகையும் காய்களும் மலிவு. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் பணம்.

உங்கள் ஊர்ச் சிறை விதிகளையும் தேடிப் படித்தேன். 1999-இல் வந்தவை. 21 வயதோ அதற்கு மேலோ ஆன கைதிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் உடற்பயிற்சிக்கு வாய்ப்பு தர வேண்டுமாம். நாளுக்கு இல்லையப்பா, வாரத்துக்கு! அதற்கும் முன்னால் ஒரு கொக்கி: ‘சூழ்நிலை நியாயமாக இடம் கொடுத்தால்’. அறையைத் திறந்து அழைத்துப்போகக் காவலர் இல்லாத நாளில் சூழ்நிலை எங்கே இடம் கொடுக்கும்? உன் வரியில் வாங்கிய டிரெட்மில் சும்மா கிடக்கும். நீ கேட்க வேண்டிய கணக்கு அதுதான் என்று எனக்குப் படுகிறது.

நம் பள்ளிக்கூடத்திலும் கால்பந்து இருந்ததே, நினைவிருக்கிறதா? தலைமையாசிரியர் அறை பீரோவில். பி.டி. வகுப்பு வந்தால் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு நுழைந்துவிடுவார். காற்று ஒரு நாளும் குறையாத பந்து அது.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? கேரம் ஆட மூன்றாவது ஆள் தேவைப்படுகிறது, பேரனைக் கண்காணிக்க.

அன்புடன்,
முருகேசன்