உப்புமாக் காசு

அன்புள்ள வள்ளி,

மூன்று மாதமாக ஒரு வரி இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. பேரனுக்குக் காய்ச்சல், எனக்கு முழங்கால், வெளியே பனி. காரணம் அவ்வளவுதான். இப்போது எழுதுவது உன் மருமகள் விஷயமாக. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம். அதற்கு முன் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை என்னை சிகாகோ பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூட்டிப் போனார். பெரிய கட்டிடத்தை ஒட்டி, முட்டை ஓட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு கண்ணாடிக் கூடம். உள்ளே மேசை நாற்காலிதான், புத்தகமெல்லாம் தரைக்குக் கீழே 50 அடி ஆழத்தில். 35 லட்சம் கொள்ளுமாம். கேட்டால் ஐந்து நிமிஷத்தில் இயந்திரம் பெட்டியோடு எடுத்து மேலே அனுப்புகிறது. நம் காலேஜில் பூட்டுச்சாமி சாவியைத் தேடவே அரை மணி ஆகும். கண்காட்சிக் கூடம் ஒன்றும் இருந்தது. முழங்கால் விடவில்லை, வாசலோடு திரும்பிவிட்டேன்.

பக்கத்துப் பெரிய கட்டிடத்தில், தமிழ் அடுக்கில் அறுபதுகளில் வந்த ஒரு நாவலை எடுத்தேன். பழுப்பேறிய தாள், நம் ஊர் அச்சு, ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை. இவ்வளவு தூரம் இது எப்படி வந்தது? கேட்டால் சிரிப்பாய். 1954இல் அமெரிக்கா போட்ட பி.எல். 480 சட்டத்தில் நமக்குக் கோதுமை வந்ததல்லவா, அதற்கு நாம் ரூபாயாகவே கட்டினோம். அந்த ரூபாயில் கொஞ்சத்தை எடுத்து, 1962இலிருந்து இந்தியப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரேஷன் கோதுமையில் உங்கள் அம்மா கிண்டிய உப்புமா இருக்கிறதே, வேலு வாந்தி எடுத்தானே, அந்த உப்புமாக் காசுதான் இங்கே நாவலாக நிற்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கென்று அந்த நூலகத்துக்காரர்கள் வழிகாட்டிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த அகராதியில் தொடங்குவது, எந்தப் பழைய பத்திரிகை எங்கே கிடைக்கும் என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி. கட்டுரை வெளியிடுவதைப் பற்றியும் படித்தேன். படிக்கப் படிக்க அடிவயிறு கலங்கியது. மருமகளின் பிஎச்.டி. ஆராய்ச்சிக் கட்டுரையைப் போட ஒரு பத்திரிகையில் 15,000 ரூபாய் கேட்கிறார்கள், ஐந்து நாளில் போட்டுவிடுவார்களாம் என்று நீ சொன்னபோது, "கட்டச் சொல்லு, ஊரே கட்டுகிறது" என்றவள் நான். முப்பது வருஷம் லைப்ரரியில் குப்பை கொட்டியவள் சொல்கிற பேச்சா அது?

காசு கேட்பது மட்டும் குற்றமில்லை, வள்ளி. கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட 'நேச்சர்' என்ற பேர்பெற்ற அறிவியல் பத்திரிகையே 2021இல் 9,500 யூரோ கேட்டது. அது வேறு வயிற்றெரிச்சல், இன்னொரு நாள் புலம்புகிறேன். இங்கே உதைப்பது அந்த ஐந்து நாள்தான். துறை தெரிந்த இரண்டு பேர் வாசித்து, குறை சொல்லி, அவள் திருத்தி அனுப்ப மாதக்கணக்கில் ஆகும். ஐந்து நாளில் எதை வாசிப்பார்கள், தலைப்பையா?

15,000 கேட்கிற அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு, அவருடைய கல்லூரி முகவரிக்கே எழுதிக் கேட்கச் சொல். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. இம்பாக்ட் ஃபேக்டர் (அந்தப் பத்திரிகைக் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்கிற கணக்கு) என்று ஏதாவது எண் போட்டிருந்தால், யார் கொடுத்த எண் என்று பார்க்கட்டும். கட்டுரை வந்தால்தான் பிஎச்.டி. என்ற கட்டாயத்தை பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இலேயே எடுத்துவிட்டது. அவளுடைய பல்கலைக்கழக விதியில் இன்னும் இருக்கிறதா என்று ஆபீசில் கேட்கட்டும், கைடிடம் வேண்டாம். கைடு பெயரும் கட்டுரையில் வருகிறது என்றாயே, அதனால் சொல்கிறேன்.

பணம் கட்டிவிட்டாளா? கட்டியிருந்தால் போனது போகட்டும், பாதி என் கணக்கு. ஆனால் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று இன்றைக்கே மெயில் போடச் சொல். அங்கே வெளிவந்துவிட்டால் அதை வேறு எந்த நல்ல இடத்துக்கும் அனுப்ப முடியாது. இரண்டு வருஷ உழைப்பு, பாவம். அவளைத் திட்டாதே. சொன்னவள் நான்.

ஏப்ரல் கடைசியில் வருகிறேன். வடுமாங்காய் போட்டு வை. உப்புமா கிண்டினால் வாசலோடு திரும்பிவிடுவேன்.

உன்,
சிவகாமி