ரப்பர் குழாயைக் கழற்றுங்கள்: பண்ணை அருங்காட்சியக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் பக்கங்களில் பழைய பண்ணை வீடுகளைப் பராமரித்து வரும் நிர்வாகிகள் அவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய பண்ணையில் இந்தக் கோடையில் நடந்த ‘1870-களின் சலவை நாள்’ செய்முறையைப் பற்றித்தான் இந்த மடல். ரப்பர் குழாயில் தொட்டி நிரம்பியது. சலவைப் பலகையில் மூன்று கைக்குட்டைகள் தேய்க்கப்பட்டன. பத்து நிமிடத்தில் கைதட்டல். உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை, இருந்தாலும் சொல்லவேண்டியிருக்கிறது: அன்றைய சலவையில் துணியைவிடப் பெரிய வேலை தண்ணீர்.

ஒரு துவைப்பு, ஒரு வேகவைப்பு, ஒரு அலசல் என்று சிக்கனமாகச் செய்தாலும் ஏறத்தாழ 50 கேலன் வேண்டும். அதாவது 190 லிட்டர். கைக்குப் பத்து லிட்டராக இரண்டு வாளி தூக்கினாலும் கிணற்றுக்கும் அடுப்புக்கும் பத்து நடை. அழுக்குத் தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது இந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் ஒரே தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு சாயத் துணி, கடைசியில் தொழுவத்துக் கால்சட்டை என்று வரிசை வைத்தார்கள். சுண்ணாம்புப் பாறைக் கிணறாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைக்கவேண்டும். மழை ஏமாற்றினால் சாம்பல் காரத்தைக் கலக்கவேண்டும். அந்தக் காரம் கையை வெடிக்க வைக்கும். அதே கையால்தான் ஈரப் போர்வையை முறுக்கிப் பிழியவேண்டும்.

குழாயைக் கழற்றுங்கள் என்பதுதான் கோரிக்கை.

உங்கள் கடையில் லாவெண்டர் மணக்கும் ‘முன்னோடிகளின் சோப்பு’ விற்கிறீர்கள். நல்ல வியாபாரம். பண்ணைப் பெண் காய்ச்சியது பழுப்பு நிறத்தில் கூழாக இருக்கும். ஓக், ஹிக்கரி போன்ற கடின மரச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடிப்பாள். வடிந்த காரத்தில் முட்டை மிதந்து, மேலே ஒரு நாணய அளவு தெரிந்தால் பதம். முட்டை மூழ்கினால் காரம் போதாது. அதில் போட்டுக் காய்ச்சும் கொழுப்பு, எவ்வளவு கிண்டினாலும் சோப்பாகாமல் தனியே மிதக்கும். இதையும் ஒருநாள் காட்டலாமே, மணம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும்.

அரசாங்கம் மட்டும் என்ன செய்தது? 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கூலி வாங்காமல் குடும்பத்தைக் கவனித்தவள் தொழில் கட்டத்தில் ‘வீடு பார்ப்பவள்’. அவள் கடைந்த வெண்ணெயோ வேளாண் பட்டியலில் பவுண்டு கணக்கில் ஏறியது, பண்ணையை நடத்துபவராகப் பதிவான கணவர் பெயரில். வெண்ணெயை எண்ணத் தெரிந்தவர்களுக்குக் கடைந்த கை கண்ணில் படவில்லை. அந்தக் கணக்கை இனித் திருத்த முடியாது. உங்கள் செய்முறையைத் திருத்த முடியும்.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் பருவத்திலிருந்து தயவுசெய்து குழாயைக் கழற்றிவிட்டு, கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கித் தொட்டியை நிரப்புங்கள். கைக்குட்டைக்குப் பதிலாக ஒரு கம்பளிப் போர்வையாவது நனையட்டும். பார்வையாளர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வாளி கொடுங்கள். பிள்ளைகளுக்குச் சின்ன வாளி போதும். அன்றும் அவர்கள் தூக்கினார்கள்.

இப்படிக்கு,
பண்ணை வரலாற்றில் அக்கறையுள்ள ஒரு வாசகர்