கபடிக் கழக ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பெற்றோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

"நம்ம பசங்க ஏன் இரண்டாவது பாதியிலேயே விட்டுடுறாங்க?" என்று சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். இந்த ஆண்டு முழுக்க அந்தக் கேள்விக்காகத்தான் உழைத்தோம். பிடி தெரியாமல் நாம் தோற்கவில்லை, மூச்சு வாங்கித் தோற்றோம். ஒரு ரெய்டு 30 விநாடிதான். ஆனால் பாய்ந்து, இழுபட்டுத் திரும்புகிறவனுக்கு அடுத்த ரெய்டுக்குள் நெஞ்சுப் படபடப்பு அடங்கியாக வேண்டும்.

அதனால் ஜூன் முதல் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் ஓட்டம். முதலில் பேசிக்கொண்டே ஓடும் வேகம். அப்புறம் ஆலமரத்திலிருந்து மதகு வரை விரட்டி ஓடி, நடந்து திரும்புவது. வாரத்தில் மூன்று நாள் தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல். 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020இல் சொல்லியிருக்கிறது.

ஞாயிறு காலையில் பிள்ளைகளே மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணி நோட்டில் எழுதுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன், "அண்ணே, எனக்குக் குறைஞ்சுகிட்டே வருது, ஏதாவது கோளாறா?" என்று பயந்துபோய்க் கேட்டான். இதயம் வலுவானால் ஒரே துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும், சும்மா இருக்கும்போது குறைவாகத் துடித்தாலே போதும் என்றேன். இப்போது அந்த நோட்டை வீட்டில் எல்லாருக்கும் காட்டுகிறானாம்.

தண்டால் எடுத்தால் பிள்ளை வளராது என்று சில தாய்மார்கள் தயங்கினார்கள். பக்கத்தில் ஆள் நின்று முறையாகச் சொல்லிக்கொடுத்தால் அப்படி எதுவும் ஆகாது, அம்மா. கனமான எடை எதையும் நாம் தூக்கவைக்கவில்லை, அவரவர் உடம்பின் எடைதான்.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். மே மாதம் வெயில் தாழும் முன்பே நான் ஓடவிட்டதில் ஒரு பையன் மயங்கி உட்கார்ந்துவிட்டான். நிழலில் படுக்கவைத்து ஈரத்துணி போட்டோம், தெளிந்தான். அன்றிலிருந்து கோடையில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் பயிற்சி, களத்தில் குடத்தில் தண்ணீர் இருந்தால்தான் விசில்.

பொங்கல் போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். ஆனால் கடைசி ரெய்டு வரை ஒருவனும் இடுப்பில் கை வைத்து நிற்கவில்லை.

பெண் பிள்ளைகள் இந்த ஆண்டுதான் வந்தார்கள். உடை மாற்ற இடமில்லாமல் பெரிய பிள்ளைகள் சிலர் நின்றுவிட்டது எனக்கு மிகவும் வருத்தம். களத்தை ஒட்டி ஓர் அறையும் இரண்டு விளக்கும் வேண்டும், சபை இன்றே முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்