வராந்தாவிலேயே நிற்கும் கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ்ச் சிறுகதையில் நாயகி, மூன்றாவது கர்ப்பம் வேண்டாம் என்று முடிவெடுக்கிறாள். அட, என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்திலேயே மாடிப்படியில் சறுக்கி விழுகிறாள், கரு கலைந்துவிடுகிறது. கணவன் அழுகிறான், மாமியார் மனம் மாறுகிறார், சுபம். மாடிப்படி என்று ஒன்று இல்லாவிட்டால் நம் கதைகளில் எத்தனை பெண்கள் தாங்களே முடிவெடுத்திருப்பார்களோ! வேண்டாம் என்று நினைத்தவளை நல்லவளாகவே வைத்திருக்க எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த வழி இது. பழியும் அவளைச் சேராது, முடிவும் அவளுடையதாகாது.

பிரசவ வார்டில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கருக்கலைப்புக்கு, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து வேண்டாம் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. (மருத்துவர் ஒப்ப வேண்டும், வாரக் கணக்கு உண்டு; அது தனி.) ஆனாலும் "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஒரு பெண் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் தராமல் விரலுக்குள் உருட்டிக்கொண்டே, "அவர் வராட்டி செய்ய மாட்டீங்களா சிஸ்டர்?" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பேனாவை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலுக்காக எவ்வளவு சண்டை! 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லும்வரை ஊர் மானம், எழுத்துச் சுதந்திரம் என்று பேசினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. குழந்தையில்லாத பொன்னா, முன்பின் தெரியாத ஆணோடு சேர்ந்து கருத்தரிக்கத் திருவிழா இரவுக்குப் போக வேண்டும்; கணவன் காளி சம்மதித்துவிட்டான் என்று அவளை நம்பவைத்து அனுப்புகிறார்கள். அவன் சம்மதித்தால் அவள் உடம்பும் சம்மதித்ததாகிவிடுகிறது. எங்கள் மேஜையில் கேட்ட அதே வீட்டுக்காரர் கையெழுத்துதான்! நாவல் இதை மறைக்கவில்லை. சண்டை இரைச்சலில் இதைப் பற்றி யாரும் பேசி நான்தான் கேட்கவில்லை.

பிரசவக் காட்சிகளோ இன்னும் மோசம். உள்ளே வீல் என்று ஓர் அலறல், வெளியே அப்பா குறுக்கும் நெடுக்கும் நடை, பிறகு குவா குவா. கதை வராந்தாவை விட்டு நகர்வதேயில்லை. குழந்தை வந்த பிறகுதானே நஞ்சுக்கொடி விழ வேண்டும், பலருக்குத் தையல் போட வேண்டும்? அந்த அரைமணி நேரம் எல்லார் கண்ணும் குழந்தைமேல்; இவள் கால்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாக இருக்கும், ரவிக்கை நனையும், ஒருக்களித்துத்தான் உட்கார முடியும், கழிப்பறைக்குப் போகவே பயப்படுவாள். கதையில் அதே மூன்றாம் நாள் முகத்தில் 'தாய்மைப் பொலிவு' வந்துவிடுகிறது. "பால் குடுக்காம நீ என்ன தாய்?" என்று அதட்டும் பாட்டி தவறாமல் வருகிறார். "வலிக்குது, இப்ப வேண்டாம்" என்று சொல்லும் மகள் வருவதில்லை. பெண்கள் எழுதும் கதைகளில் கொஞ்சம் மாறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் ஓவியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கதைப்படி அவளுக்குப் பத்தாவது வாரம். படத்தில் எட்டு மாத வயிறு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி