அரையாண்டுத் தேர்வும் குழாயடியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. தேர்ச்சி விழுக்காடு கூடியிருக்கிறது. குறுவட்டப் போட்டியில் நம் கோகோ அணி பரிசு வாங்கியது. அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, மதிய உணவுத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சென்ற மாதம் ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி குழாயடியில் நான்கு தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்று அவளுடையது. மற்ற மூன்றும் மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்த அவள் வகுப்புப் பையன்களுடையவை. மணி அடித்தபோதும் அவள் ஈரச் சுடிதாரோடு காய்ந்த சோற்றுப் பருக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்று மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்தேன். அந்த வாரமே பெற்றோர் சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். "ஆதிகாலத்திலிருந்து ஆண் வேட்டைக்குப் போனான், பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். இது இயற்கை வகுத்தது, சார்" என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். பல ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன் என்பதால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொன்னதில் பாதி சரி. கருவுறுவதும் பாலூட்டுவதும் பெண்ணுடல். கைக்குழந்தையோடு நெடுந்தூரம் விலங்கைத் துரத்துவது கடினம். ஆகவே பெரும்பாலான வேட்டைச் சமூகங்களில் பெரிய விலங்கைக் கொல்வது ஆண்களின் வேலையாக இருந்தது. ஆனால் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடையே கிழங்கு தோண்டுவது பெண்கள்தான். பேரன் பேத்திகளுக்காகப் பாட்டிமார்களும் நாள்தோறும் தோண்டுகிறார்கள். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் அக்டா பழங்குடிப் பெண்கள் வில்லும் நாய்களுமாகப் போய்க் காட்டுப்பன்றியும் மானும் வேட்டையாடியதை 1980-களில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரு நாட்டு ஆண்டீஸ் மலையில் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழைமையான புதைகுழி ஒன்றில் ஈட்டிமுனைகளோடு கிடந்தது ஓர் இளம்பெண்ணின் எலும்பு. இது 2020-இல் வெளியான செய்தி. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ஆக்கா (Aka) இனத் தந்தையர் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டோ நாளில் ஏறத்தாழப் பாதிப் பொழுதைக் கழிக்கிறார்கள்.

ஏர் வந்த பிறகுதான் பல ஊர்களில் ஆண் வயலுக்கும் பெண் வீட்டுக்கும் என்று ஆனது என டென்மார்க் பொருளியலாளர் எஸ்டர் போசரப் 1970-இல் எழுதினார். நம் பக்கத்தில் அப்படிக்கூட ஆகவில்லை. உழவு ஆணுக்கு என்றால், சேற்றில் நாளெல்லாம் குனிந்து நாற்று நடுவது பெண்ணுக்கு. இப்போது உழவை டிராக்டர் பார்த்துக்கொள்கிறது. நடவு பெரும்பாலும் இன்னும் அவர்கள் முதுகில்தான். சமையல் பெண்ணின் இயற்கை என்கிறோம். கல்யாண வீட்டில் அண்டா ஏற்றிக் கூலி வாங்குகிறவர் மட்டும் ஆண். இந்தக் கணக்கு எனக்கு இதுவரை விளங்கவில்லை.

எப்படிப் பார்த்தாலும் கற்காலத்தில் எவர்சில்வர் தட்டு கிடையாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யார் எந்த வேலை செய்வது என்பதில் நான் தலையிட மாட்டேன். பள்ளி வளாகத்துக்குள் ஒரு மாணவன் தன் எச்சில் தட்டை மாணவியிடம் நீட்டினால், அன்றே பெற்றோருக்கு அழைப்பு வரும். யாருடைய பிள்ளையானாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று வந்தவர்களில் லாரி ஓட்டும் தந்தை ஒருவரும் இருந்தார். எல்லாரும் பேசி முடித்த பின், "வண்டியில் பத்து நாள் நானேதான் சமைத்து நானேதான் கழுவுகிறேன். என் மகனும் கழுவட்டும், சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும், மனத்தாங்கல் இருந்தும் நேரில் வந்து பேசிய மற்றவர்களுக்கும் என் நன்றி. பெற்றோர் ஆசிரியர் கழகம் குழாயடிக்கு மேலும் இரண்டு குழாய்கள் போட்டுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறது. விடுமுறை முடிந்து வரும்போது பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தேங்காய் நார் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்