நூல்பாசிக்கு மயில்துத்தம் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையில் மாதவரம், கொளத்தூர் பக்கம் வெயில் ஏறினால் ஏரி ஓரமெல்லாம் பச்சை மிதக்க ஆரம்பிக்கும், உடனே ‘விஷப்பாசி’ என்று பேச்சும் கிளம்பிவிடும். போன வருடம் எங்கள் தெருக்கோடிக் குளத்தில் யாரோ நல்லது செய்வதாக நினைத்து மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கொட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை கெண்டையும் ஜிலேபியும் செத்து மிதந்தன. பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்; துத்தத்தில் உள்ள செம்பும் மீனுக்கு ஆகாது.

அங்கே இருந்தது வெறும் ஸ்பைரோகைரா என்ற நூல்பாசி. பள்ளியில் படம் வரைந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கிளையில்லாத இழை, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுருளாக ஓடும் பச்சை நாடா. கையில் எடுத்தால் வழவழவென்று நழுவும். கிளாடோஃபோரா என்ற நூல்பாசி வேறு, அது கிளைவிடும், தொட்டால் சொரசொரக்கும். பகலில் ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன் குமிழிகள் இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதால்தான் பாய் விரித்த மாதிரி மேலே வந்து மிதக்கிறது, வந்து ஒட்டிய விஷம் ஒன்றும் இல்லை.

கொன்றாலும் அது போகாது என்பது அடுத்த விஷயம். நிலைமை மோசமானால் இரண்டு இழைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, நடுவே ஏணிப்படி போலக் குழாய் விட்டு, ஒரு செல்லில் இருப்பது முழுக்க மற்றதற்குள் போய்ச் சேரும். அப்படி உருவாகும் தடித்த ஓடுள்ள வித்து குளம் வற்றினாலும் சேற்றில் கிடந்து மழை வந்ததும் முளைக்கும். காயும் குளத்துச் சேற்றில் வாழும் ஃபிரிட்சியெல்லா என்ற இழைப்பாசியை 1932-ல் உலகுக்கு அறிமுகம் செய்தவரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் பாசியைப் பார்த்துப் பயப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். முடிக்கற்றை போலச் சுற்றிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் நூல்பாசி. பெயின்ட் கொட்டினாற்போலக் குச்சியில் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அதில் நச்சு உள்ள வகைகள் உண்டு, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் தள்ளி நிறுத்துங்கள். நூல்பாசியை வாரிக் கரைக்கு அப்பால் போட்டால் அது உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடவே வெளியே போகும். அப்புறம், அந்தச் சத்தைக் கொண்டுவந்து கொட்டும் சாக்கடை வாயை அடைக்க வேண்டும். எங்கள் குளத்தில் அது இன்னும் திறந்துதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
மாதவரம்