நங்கூரம் தானாக இறங்கவில்லை: உங்கள் அணிய ரோலர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். "பொருளில் குறை இல்லை, பொருத்தியதில்தான் தவறு" என்று இரண்டே வரியில் நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. அதை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், இந்த முறையாவது படகு தெரிந்த ஒருவரிடம் கடிதத்தைக் கொடுங்கள்.

என் படகு 10 மீட்டர். 15 கிலோ கலப்பை நங்கூரம், 8 மி.மீ. சங்கிலி. இந்த அளவுகளைச் சொல்லிக் கேட்டுத்தான் உங்கள் அணிய ரோலரை, அதாவது படகின் முன்முனையில் நங்கூரச் சங்கிலி ஓடும் உருளையையும் அதன் தாங்கியையும் வாங்கினேன். சங்கிலியைச் சுற்றி இழுக்கும் விஞ்சைத் தளர்த்தினால் போதும், நங்கூரம் தானாக விழும் என்று உங்கள் விற்பனைக் குறிப்பிலேயே இருந்தது.

பொருத்தியதில் நான் எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. போல்ட் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எபாக்சி நிரப்பி, அது இறுகிய பிறகு திரும்பத் துளைத்தேன், தளத்தின் உள்மரத்துக்குத் தண்ணீர் போகக்கூடாது என்பதற்காக. அடியில் 6 மி.மீ. ஸ்டீல் தகடும் கொடுத்தேன். நீங்கள் அனுப்பியது வெறும் நாலு வாஷர்! படகு நங்கூரத்தில் நின்று அப்படியும் இப்படியும் ஆடும்போது பக்கவாட்டு இழுப்பு முழுக்க அந்த நாலு போல்ட்டில்தான் விழுகிறது, அதற்கு வாஷர் எப்படித் தாங்கும்? ரோலரும் விஞ்சும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்தும் பார்த்தேன், இருந்தன.

முதல் நாள் விரலால் தட்டினாலே ரோலர் சுழன்றது. மூன்றாவது வாரம் கையால் பிடித்துத் திருகினாலும் அசையவில்லை. அச்சு ஊசியைச் சுத்தியலால் அடித்துத்தான் வெளியே எடுத்தேன். உங்கள் ரோலர் நைலான்; நைலான் தண்ணீர் குடித்தால் ஊதும், கடலுக்குப் பொருள் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? ஒன்று துளையில் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவ்வளவாக ஊதாத அசிட்டால் பிளாஸ்டிக்கில் செய்திருக்க வேண்டும். உப்புத்தாள் சுற்றிய குச்சியால் துளையை லேசாகத் தேய்த்தேன், திரும்பவும் சுழல ஆரம்பித்துவிட்டது. நான் பொருத்தியது தவறென்றால் துளையைத் தேய்த்ததும் எப்படிச் சரியாகும்?

சரி, ரோலர் சுழன்றது, அப்புறமும் நங்கூரம் விழவில்லை. அதுதான் பெரிய குறை. நங்கூரத்தை ஒரு குழாய் மேல் வைத்து அது சமமாக நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். உங்கள் தாங்கியில் ஏற்றினால் அந்தக் கோடு ரோலருக்கு மூன்று விரற்கடை உள்ளே, படகுப் பக்கம் வந்து நிற்கிறது. எடை உள்பக்கம் இருந்தால் எது கவிழும்? கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தால் நங்கூரத்தின் கொழு முனை அணியத்தில் இடிக்கிறது, ஏற்கெனவே இரண்டு இடத்தில் பூச்சு பெயர்ந்துவிட்டது. தாங்கியின் நீளமே போதவில்லை. இதில் நான் மாற்றிப் பொருத்த ஒன்றுமே இல்லை.

போன வாரம் இரவு காற்று திடீரென்று திரும்பியபோது விஞ்சைத் தளர்த்தினேன். நங்கூரம் அப்படியே இருக்க, சங்கிலி மட்டும் தளத்தில் குவிந்துகொண்டே போனது. என் மகள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு "அப்பா, பாறை பக்கத்துல வந்துடுச்சு" என்று கத்துகிறாள். நான் மண்டியிட்டு இரண்டு கையாலும் தள்ளினேன். சட்டென்று அது விழுந்தது, குவிந்த சங்கிலி மொத்தமும் என் இடது மணிக்கட்டை உரசிக்கொண்டு பாய்ந்தது. ஒரு வளையம் விரலில் மாட்டியிருந்தால் விரல் போயிருக்கும்.

தாங்கியின் பக்கத் தகடுகளின் விளிம்பையும் நீங்கள் மழுக்கவில்லை, சங்கிலியோடு கட்டும் கயிறு ஒரே இரவில் பாதி அறுந்திருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

எனக்கு மாற்று ரோலர் வேண்டாம், இதே நீளத்தில் எது வந்தாலும் இதே கதைதான். அனுப்பும் செலவோடு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். "தானாக விழும்" என்ற வரியையும் உடனே எடுத்துவிடுங்கள், அல்லது ரோலரின் மையம் அணியத்திலிருந்து எவ்வளவு வெளியே இருக்கும், எந்த வகை நங்கூரத்துக்குப் பொருந்தும் என்று அளவோடு போடுங்கள். அதை நம்பி இன்னொருவர் இருட்டில் சங்கிலிக்குப் பக்கத்தில் கை வைக்கக்கூடாது.

தாங்கியைக் கழற்றி, ஊசி, போல்ட் எல்லாவற்றோடும் பெட்டியில் வைத்துவிட்டேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள்.